பிராண்டனுக்கு மறுபடி வெள்ளிக்கிழமை வர எந்த வழி நல்லது?

2010 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகருக்கு நான் படிக்க வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னையும் என் அறைத் தோழனையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிழக்கே இருக்கும் பிராண்டன் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். "பைக் ரேஸ்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். இருங்காட்டுக்கோட்டை மாதிரி ஒரு தார் டிராக்கை எதிர்பார்த்துப் போன எனக்கு முன்னால் கிடந்தது ஒரு சின்ன நீள்வட்டம். ஷேல் எனப்படும் உடைகல் துகளைப் பரப்பி, டிராக்டர் விட்டு இழுத்துச் சமன் செய்திருந்தார்கள். நான்கு பைக்குகள் வரிசையில் நின்றன. குறுக்கே கட்டியிருந்த நாடா மேலே எகிறியதும் நான்கும் ஒரே நேரத்தில் முதல் வளைவுக்குள் பாய்ந்தன. பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்க, இடது காலைத் தரையில் ஊன்றியபடியே திரும்பினார்கள். ஒரு நிமிடத்தில் நான்கு சுற்றும் முடிந்தது. காற்றில் ஒரு வாசம் வந்தது. பாட்டி வீட்டில் தலைக்குத் தேய்த்த விளக்கெண்ணெயின் வாசமேதான். மெத்தனாலில் ஓடும் இந்த என்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஆயில் போடுவது பழைய வழக்கம் என்று பெரியவர் சொன்னார்.

ஸ்பீட்வே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 500 சிசி, ஒரே சிலிண்டர், ஒரே கியர், பிரேக் கிடையாது. எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுவார்கள். நான்கு சுற்று கொண்ட ஓர் ஓட்டத்துக்கு ஹீட் என்று பெயர், ஒவ்வொரு ஹீட்டிலும் இரண்டு அணியிலிருந்தும் இரண்டிரண்டு பேர். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்கு ஒன்றும் இல்லை. லீக் போட்டி என்றால் அணிக்கு ஏழு பேர், 15 ஹீட். நம் ஊரில் யெஸ்டி ஓட்டிய தலைமுறைக்கு ஜாவா என்ற பெயர் தெரிந்திருக்கும். அதே செக் நாட்டு ஜாவாவின் என்ஜின்தான் இந்த விளையாட்டிலும் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது.

அந்த ஆண்டு லீக் பட்டியலில் முதலில் நின்றது பூல் அணி. இறுதிப் போட்டியில் அவர்களை வீழ்த்திக் கோப்பையை எடுத்தது எங்கள் கவன்ட்ரி பீஸ். "எங்கள்" என்று சொல்லும் அளவுக்கு ஆறே மாதத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டேன். 2016 சீசனோடு எல்லாம் நின்றுபோனது. இடம் ஏற்கெனவே வீடு கட்டுபவர்களிடம் போயிருந்தது. கேட் பூட்டப்பட்டது, கூரை பெயர்ந்தது, உள்ளே தீவைப்பும் நடந்தது.

எல்லா மூடிய டிராக்கும் பிராண்டன் ஆகிவிடாது. 1928-லிருந்து பந்தயம் நடந்த இடம் இது. 1948 முதல் 2016 வரை ஓர் ஆண்டுகூட இங்கே பந்தயம் நின்றதில்லை. டென்மார்க்கின் ஓலே ஓல்சன் 1978-இல் மூன்றாவது முறையாக உலக சாம்பியன் ஆனபோது கவன்ட்ரிக்குத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். 2007-இல் உலகப் பட்டத் தொடரின் ஒரு சுற்றான கார்டிஃப் கிராண்ட் பிரீயில் கடைசி வளைவு வரை விரட்டி ஜெயித்த கிறிஸ் ஹாரிஸும் எங்கள் ஆள்தான். கார்டிஃபில் ஒரு பிரிட்டன் வீரர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

மைதானத்தை இடித்து நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளும் ஒரு செயற்கைப் புல் மைதானமும் கட்டக் கேட்ட மனுவை 2022 நவம்பரில் அந்தப் பகுதியின் உள்ளாட்சியான ரக்பி பரோ கவுன்சில் மறுத்தது. மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையில் ஒரு விதி இருக்கிறது. விளையாட்டு இடம் ஒன்றில் வீடு கட்ட வேண்டுமானால், அந்த இடம் இனித் தேவையில்லை என்று நிரூபிக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடானதோ மேலானதோ வேறு இடத்தில் கட்டித்தர வேண்டும், அல்லது புதிதாக வரும் விளையாட்டு வசதியின் பயன் இழப்பைவிடத் தெளிவாக அதிகம் என்று காட்ட வேண்டும். கவன்ட்ரி ரசிகர்களும், அதே மைதானத்தில் நடந்த ஸ்டாக் கார் பந்தயத்தின் ரசிகர்களும் சேர்ந்து நடத்திய பல வருடப் போராட்டம் இந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. ஆக இடம் பிழைத்தது, பந்தயம் இன்னும் வரவில்லை.

அடுத்து என்ன செய்வது என்று பழைய ரசிகர்களைக் கேட்டால் நான்கு பதில் வருகிறது. பழைய மைதானத்தையே குத்தகைக்கு எடுத்துத் திறக்கலாம். கவுன்சிலைப் பிடித்துப் புது மைதானம் கட்டலாம். ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு டிராக் போட்டு அடிமட்ட லீக்கிலிருந்து தொடங்கலாம். இடம் கிடைக்கும்வரை வேறு அணியின் மைதானத்தில் பெயரையாவது ஓட்டிக்கொண்டிருக்கலாம். நான்கையும் பிரிட்டனில் ஏற்கெனவே யாராவது செய்து பார்த்திருக்கிறார்கள். அதனால் கனவு காணாமல் கணக்குப் பார்க்க முடிகிறது.

முதலில் மனசுக்கு நெருக்கமான, ஆனால் நான் நம்பாத வழியைச் சொல்லிவிடுகிறேன். அது அடுத்தவர் வீட்டில் குடியிருப்பது.

கவன்ட்ரியே இதைச் செய்தது. 2018-இல் பீஸ் அணி மூன்றாம் நிலையான நேஷனல் லீக்கில் இறங்கி, சொந்த ஊர்ப் போட்டிகளை லெஸ்டரின் பியூமான்ட் பார்க்கில் ஓட்டியது. பிராண்டனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் இருக்கும். தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் லெஸ்டர் என்பது கவன்ட்ரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எதிரணி என்று கூச்சல் போட்ட இடம். நானும் போனேன். நம் கொடி பறந்தது, நம் சட்டைதான் போட்டிருந்தார்கள், ஆனாலும் விருந்தாளியாக அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அந்த முயற்சி ஒரே சீசன்தான்.

இதன் முழுக்கதை தெரிய வேண்டுமானால் கிரேட்லி ஹீத்தன்ஸைப் பார்க்க வேண்டும். புரூஸ் பென்ஹால், எரிக் குண்டர்சன், யான் பெடர்சன் என்று உலக சாம்பியன்கள் ஓட்டிய அணி. அவர்களுடைய டட்லி வுட் மைதானம் 1995-இல் கைவிட்டுப் போனது. 1996-இல் ஸ்டோக் மைதானத்தில் ஒண்டிக்கொண்டு ஓட்டினார்கள். அந்த ஆண்டு உலகப் பட்டம் வென்ற பில்லி ஹாமில் அவர்கள் அணிதான். அப்படியிருந்தும் சீசன் முடிந்ததும் கதவு மூடியது. பிறகு 2010-இல் ரசிகர்கள் டட்லி என்ற பெயரில் அடிமட்ட லீக்கில் அணியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உல்வர்ஹாம்ப்டனிலும் பர்மிங்காமிலும் மாறி மாறி வாடகைக்கு ஓட்டினார்கள். பழைய பெயரையும் திரும்ப வாங்கினார்கள், 2013, 2014 இரண்டு ஆண்டும் லீக்கை ஜெயித்தார்கள். ஆர்வத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சொந்த டிராக்குக்கு இடம் தேடித் தேடியே பத்து ஆண்டு கழிந்தது. 2019-க்குப் பிறகு அணி இல்லை.

எடின்பரோ மோனார்க்ஸின் கதை இன்னும் நீளம். பழைய மெடோபேங்க் மைதானத்தை 1970 காமன்வெல்த் விளையாட்டுக்காக மாற்றிக் கட்ட எடுத்துக்கொண்டதால் 1967-உடன் வெளியேறினார்கள். கோட்பிரிட்ஜில் இரண்டு ஆண்டு ஓட்டினார்கள். 1977-இல் பவுடர்ஹாலில் திரும்பி வந்தார்கள். 1995-இல் அதுவும் வீடு கட்டப் போனது. 1996-இல் எதிரி ஊரான கிளாஸ்கோவின் ஷாஃபீல்டில் "ஸ்காட்டிஷ் மோனார்க்ஸ்" என்று பெயரை மாற்றி ஓட்டியதை இரண்டு ஊர்க்காரர்களும் மனசார ஏற்கவில்லை. மறு வருடமே ஆர்மடேலுக்குப் போய்த் தனி இடத்தில் உட்கார்ந்தார்கள். அங்கே இருபத்தைந்து சீசனுக்கு மேல் ஓடியது. கிளாஸ்கோவின் வாடகை இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காத அணி, தனக்கென்று ஒரு டிராக் கிடைத்ததும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நின்றது. இந்த நான்கு வழிகளையும் எடைபோடும்போது என் மனதில் முதலில் வருவது இந்தக் கணக்குதான்.

அடுத்தவர் டிராக்கில் ஓட்டுவதற்குப் பணம் குறைவாகத்தான் செலவாகும், உண்மை. ஆனால் நுழைவுச் சீட்டுத் தவிர வேறு எந்த வருமானமும் உங்களுடையது இல்லை. பார், சாப்பாட்டுக் கடை, பார்க்கிங் எல்லாம் மைதானக்காரருக்கு. மழை வந்து ஒரு போட்டி தள்ளிப்போனால், மறு தேதி கேட்கும் வரிசையில் நீங்கள்தான் கடைசி. ஒரே ஒரு சீசன், அதுவும் சொந்த இடத்தின் குத்தகை கையெழுத்தான பிறகு, வேலை முடியக் காத்திருக்கும்போது மட்டும் இந்த வழி சரி. அதற்கு முன்னால் செய்தால் ரசிகர் பட்டாளம் கரைந்துதான் போகும்.

இன்னொரு கனவையும் இங்கேயே தொட்டுவிடுகிறேன். பெரிய இடம், பெரிய பெயர், நேராக முதல் நிலை லீக். கோட்பிரிட்ஜில் ஓட்டிய மோனார்க்ஸின் லைசென்ஸ் 1970-இல் போனது வேறெங்கும் இல்லை, வெம்ப்ளிக்குத்தான். வெம்ப்ளி லயன்ஸ் 1946-க்கும் 1953-க்கும் இடையிலான எட்டு சீசன்களில் ஏழு முறை லீக்கை வென்ற அணி. 1957 தொடக்கத்தில் அந்த அரங்கத்தின் தலைவர் ஆர்தர் எல்வின் இறந்ததும் அணியும் மூடப்பட்டது. 1970-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது கூட்டம் வந்தது, பத்திரிகைகள் எழுதின. ஆனால் அரங்கத்தில் தேதி கிடைக்கவில்லை. கால்பந்தும் மற்ற நிகழ்ச்சிகளும் முந்திக்கொண்டன. இரண்டே சீசனில், 1971-உடன் முடிந்தது. அரங்கம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு அங்கே நமக்கான முன்னுரிமை குறையும்.

சரி, புது மைதானம்.

இதற்கு ஒரே உதாரணம்தான், ஆனால் மிகப் பெரிய உதாரணம். மான்செஸ்டரின் பெல் வியூ ஏசஸ். ஹைட் ரோடு மைதானத்தை 1987-இல் இழந்து, மறு வருடம் முதல் பக்கத்திலிருந்த கிர்க்மன்ஷூம் லேன் நாய்ப்பந்தய மைதானத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகவே, ஸ்பீட்வேயை மனதில் வைத்தே வடிவமைத்த நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியம் 2016-இல் திறந்தது. செலவு எட்டு மில்லியன் பவுண்ட். பின்னால் நின்றது நகரக் கவுன்சில். இடையில் நாய்ப்பந்தய ஓடுதளம் இல்லாததால் ரசிகர்கள் பாதுகாப்பு வேலிக்கு ஒட்டி உட்காரலாம். இந்த அருமை பழைய மைதானங்களில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் திறப்பு விழா அன்று என்ன நடந்தது? 2016 மார்ச் 19, நினைவுக் கோப்பைப் போட்டி, அரங்கம் நிறைந்த கூட்டம். வளைவுகளில் மண் சரியாக இறுகவில்லை, ஓட்டுவது ஆபத்து என்று சொல்லிப் போட்டியைக் கைவிட்டார்கள். கூட்டம் வீட்டுக்குத் திரும்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அணியை நடத்திய நிர்வாகம் கடனில் சிக்கி வெளியேறியது. 2017-இல் புதிய உரிமையாளர்கள் எடுத்து நடத்தினார்கள். 2022-இல் ஏசஸ் லீக் சாம்பியன். 1993-க்குப் பிறகு முதல் தடவை. 2025-இல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயே கார்டிஃபிலிருந்து அங்கே வந்துவிட்டது.

ஆக இந்த வழி தோற்ற வழி இல்லை. நிர்வாகம் விழுந்தபோதும் கட்டிடம் நின்றது, அதனால்தான் அடுத்தவர் வந்து தொடர முடிந்தது. இடம் தனியார் கையில் இருந்திருந்தால் 2016 டிசம்பரிலேயே கதை முடிந்திருக்கும். பொதுச் சொத்தாக இருக்கும் மைதானத்தின் பெரிய பலம் இதுதான். ஆனால் பெல் வியூவுக்கு இருந்த ஒன்று கவன்ட்ரிக்கு இல்லை. மான்செஸ்டர் தன் சொந்த எல்லைக்குள் இருந்த அணிக்கு உதவியது. பிராண்டன் கவன்ட்ரி எல்லைக்குள்ளேயே இல்லை, ரக்பி பரோவில் இருக்கிறது. ரசிகர்களின் ஓட்டு ஒரு கவுன்சிலில், மைதானம் இன்னொரு கவுன்சிலில். எட்டு மில்லியனை யார் மேசையில் வைப்பார்கள்? உள்ளாட்சிகள் நூலகத்தையும் முதியோர் பராமரிப்பையும் நடத்தவே திணறும் நேரம் இது. இதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் பிராண்டனில் பந்தயம் பார்த்தவர்கள் இன்னும் சிலர் நம்மை விட்டுப் போகிறார்கள். என்னை முதல் முறை கூட்டிப்போன அந்தப் பெரியவர் இப்போது இல்லை.

மூன்றாவது வழியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே, யாருக்கும் வேண்டாத ஒரு துண்டு நிலம், சின்ன டிராக், சின்ன லீக்.

ஸ்கன்தார்ப் இதைச் செய்தது. அந்த ஊரில் 1985-உடன் ஸ்பீட்வே நின்றது. இருபது வருடம் கழித்து, 2005-இல் நார்மன்பி ரோட்டில் புது டிராக் திறந்து அடிமட்ட லீக்கில் சேர்ந்தார்கள். பளபளப்பான அரங்கம் எல்லாம் கிடையாது. மண் மேட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். 2012-இல் அதே அணி இரண்டாம் நிலை லீக் சாம்பியன். மிடில்ஸ்பரோவின் கிளீவ்லாண்ட் பார்க் 1996-இல் மூடியபோது பேர்ஸ் அணியும் போனது. பத்து வருடம் கழித்து 2006-இல் சவுத் டீஸ் மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க்கில், ரெட்கார் பேர்ஸ் என்று திரும்பி வந்தது. ஊர்ப் பெயர் மாறினாலும் கரடி மாறவில்லை. வொர்க்கிங்டன் காமெட்ஸ் 2018-இல் லீக்கும் கோப்பைகளுமாக மூன்றையும் அள்ளிவிட்டு, அடுத்த சீசனுக்கு வரவே இல்லை. அவர்களும் 2023-இல் நார்த்சைடில் சின்ன டிராக்கில் அடிமட்ட லீக்கிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய உதாரணம் லெஸ்டர். பிளாக்பர்ட் ரோடு மைதானத்தை 1983-இல் விற்று வீடு கட்டினார்கள். 1984 முதல் 2010 வரை லெஸ்டரில் ஸ்பீட்வே என்றால் பழைய புகைப்படம் மட்டும்தான். 2011-இல் பியூமான்ட் பார்க்கில் புது டிராக், பழைய லயன்ஸ் பெயர். 2014-இல் முதல் நிலை லீக்கிலேயே ஓட்டினார்கள். எதிரணிதான், இருந்தாலும் மனசாரச் சொல்கிறேன், அவர்கள் செய்தது பெரிய காரியம். இருபத்தேழு சீசன் காணாமல் போன அணிக்கு ரசிகர்கள் திரும்பி வந்தார்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே வந்தார்கள்.

இந்த வழியில் பலம் என்ன என்று பாருங்கள். செலவு படிப்படியாக வருகிறது. டிராக், பாதுகாப்பு வேலி, விளக்கு, கழிப்பறை, பைக்குகளைத் தயார் செய்யும் பிட்ஸ். கூரையும் இருக்கையும் பிறகு வரலாம். அடிமட்ட லீக்கில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளம் ரைடர்கள், அதனால் புள்ளிக்கு இவ்வளவு என்று கொடுக்கும் சம்பளமும் குறைவு. வார நாளில் அதே டிராக்கைப் பயிற்சிக்கு வாடகைக்கு விடலாம். பிரிட்டனில் இளைஞர்கள் பழக டிராக் போதாது என்ற குறை நெடுநாளாக உண்டு. அதையும் கொஞ்சம் தீர்த்த மாதிரி ஆகும்.

சிக்கல் சத்தத்தில் இருக்கிறது. மில்டன்ஹால் மைதானத்தில் எழுபதுகளிலிருந்தே ஸ்பீட்வே நடந்துவந்தது. அருகில் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2014-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. மைதானம் முன்பே இருந்தது, நீங்கள் பிறகுதான் குடிவந்தீர்கள் என்ற வாதம் மட்டும் போதாது, திட்ட அனுமதி கையில் இருப்பதாலேயே தொல்லை வழக்கிலிருந்து தப்பிவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஓட்டுபவர் கோணத்தில் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தோட்டத்தில் உட்கார முடியாத குடும்பத்தின் நிலையும் எனக்குப் புரிகிறது. புது டிராக் போடுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை முதல் நாளே மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும். வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம், ஏற்கெனவே சத்தம் உள்ள நெடுஞ்சாலையோ தொழிற்பேட்டையோ பக்கத்தில் உண்டா, வருடத்துக்கு எத்தனை இரவு, எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அணியின் பெயரையும் சட்டை நிறத்தையும்விட முக்கியம். கவன்ட்ரியைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் பசுமை வளையம். கட்டிடம் எழுப்ப எளிதில் அனுமதி கிடைக்காத நிலம் அது. லெஸ்டருக்குப் பியூமான்ட் பார்க் அமைந்த மாதிரி ஓர் இடம் எங்களுக்குச் சட்டென்று கிடைத்துவிடாது.

அதனால்தான் நான் பிராண்டனுக்கே திரும்பி வருகிறேன். பழைய மைதானத்தில் சத்தம் புதுசு இல்லை. பக்கத்து கிராமத்துக்குத் தொண்ணூறு வருடப் பழக்கம். சட்டத்தில் அதுவே முழுக்கவசம் ஆகாது என்று இப்போதுதான் சொன்னேன், ஆனால் புதிதாக ஓர் இடத்தில் போய் என்ஜினைக் கிளப்புவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். வீடு கட்டும் மனு தோற்ற நிலம் என்பதால், விளையாட்டைத் தவிர அந்த இடத்துக்கு வேறு பெரிய வருமானம் உடனே தெரியவும் இல்லை.

இதே நிலையில் இருந்த ஊர் ஆக்ஸ்ஃபோர்டு. சீட்டாஸ் அணி 1985, 1986, 1989 என்று லீக்கை வென்ற காலத்தில் ஹான்ஸ் நீல்சன் அங்கே ஓட்டினார். மூன்று உலகப் பட்டங்களை அவர் எடுத்தது அந்தக் காலத்தில்தான். 2007-உடன் ஸ்பீட்வே நின்றது. 2012-இல் நாய்ப்பந்தயமும் நின்றது. நிலத்துக்காரர்கள் வீடு கட்டக் கேட்டார்கள். நகரக் கவுன்சில் மறுத்ததோடு, 2014-இல் அந்த மைதானத்தையே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. அதற்குப் பிறகும் ஏழெட்டு வருடம் புல் முளைத்துக் கிடந்தது. நாய்ப்பந்தயம் நடத்தும் கெவின் பூத்பி என்பவர் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டார். 2022-இல் பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் நாடா எகிறியது. 2024-இல் மூன்று லீக்கிலும் ஒவ்வோர் அணி என்று ஒரே மைதானத்தில் மூன்று அணி ஓடியது.

இதில் கவனிக்க வேண்டியது, மைதானத்தைத் திறந்தவர் ஸ்பீட்வே ஆள் இல்லை, நாய்ப்பந்தய ஆள். காரணம் எளிமையானது. ஸ்பீட்வே சீசன் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. சொந்த மைதானத்தில் போட்டி என்று பார்த்தால் ஏறக்குறைய இருபது இரவு, ஒரே அணி என்றால் அதற்கும் குறைவு. மீதி நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் மைதானத்தின் குத்தகையும் இன்சூரன்ஸும் பராமரிப்பும் அந்த இருபது இரவின் சீட்டுக் காசில் தேறாது. கூட வேறு ஏதாவது ஓட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் அது நாய்கள். பிராண்டனில் இயல்பாகவே அது ஸ்டாக் கார்கள். ஒன்றோடொன்று மோதிக்கொண்டு அதே ஷேல் மண்ணில் ஓடும் அந்தக் கார்களுக்கு பிராண்டன் ஸ்பீட்வே அளவுக்கே புனிதமான இடம். இரண்டு கூட்டமும் சேர்ந்துதான் மனுவை எதிர்த்தன. சேர்ந்துதான் குத்தகையும் எடுக்க வேண்டும். தனித்தனியாகப் பேச்சுவார்த்தைக்குப் போனால் இரண்டும் விழும்.

கூட ஓடுபவர் பலமானவராக இருந்தால் ஒரு ஆபத்தும் உண்டு. உல்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீன் நாய்ப்பந்தய மைதானம். அங்கே வுல்வ்ஸ் அணி வாடகைக்கு ஓட்டியது. மைதானம் வைத்திருந்தவர்கள் குத்தகையைப் புதுப்பிக்காததால் 2023-உடன் முடிந்தது. நல்ல கூட்டம் வந்த, 1928-இலேயே பந்தயம் பார்த்த ஊர் அது. கூட்டம் இல்லாமல் மூடிய அணி வேறு, கூட்டம் இருந்தும் சாவி கையில் இல்லாமல் மூடிய அணி வேறு. பிராண்டன் குத்தகையில் ஸ்பீட்வேயின் பெயர் ஓர் ஓரத்தில் அல்ல, தலைப்பிலேயே இருக்க வேண்டும். குறைந்தது பத்து ஆண்டு. அதற்குக் குறைவான காலத்துக்குக் கூரையைப் பழுதுபார்க்க யாரும் பணம் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

எரிந்த கட்டிடங்களைப் பார்த்து, இதைச் சரிசெய்வதைவிடப் புதுசே மேல் என்று சொல்பவர்கள் உண்டு. முழு மைதானத்தையும் ஒரே நாளில் பழைய மாதிரி ஆக்க நினைத்தால் அவர்கள் சொல்வது சரி. நான் சொல்வது வேறு. ஸ்கன்தார்ப் செய்ததை பிராண்டனுக்குள் செய்யலாம். பெரிய அரங்கை வேலி போட்டு ஒதுக்கிவிடுங்கள். ஒரு பக்க மேட்டை மட்டும் திறங்கள். டிராக்கைக் கிளறி, புது ஷேல் போட்டு, வேலியும் விளக்கும் பிட்ஸும் சரிசெய்து, மூன்றாம் நிலை லீக்கில் சில ஆயிரம் பேருக்கு அனுமதி வாங்குங்கள். மண்ணுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். மான்செஸ்டரில் எட்டு மில்லியன் கட்டிடத்தை ஒரு வளைவு மண் தோற்கடித்ததைப் பார்த்தோமே. முந்தைய இலையுதிர் காலத்திலேயே மண்ணைப் போட்டு, குளிர்காலம் முழுக்க இறுகவிட்டு, முதல் போட்டிக்கு முன் ஆள் இல்லாமல் நான்கைந்து நாளாவது பைக் விட்டுப் பார்க்க வேண்டும்.

நிலத்துக்காரர் எந்த விலைக்கும் குத்தகைக்குத் தர மறுத்தால்? அப்போது ஒரு காலக்கெடு வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் என்று வைப்போம், அதற்குள் நகரவில்லை என்றால் மூன்றாவது வழிக்குப் போய்விட வேண்டும். பழைய தொழிற்சாலை நிலமோ, கைவிட்ட குவாரியோ, கார்கள் ஓடும் வேறு டிராக்கின் ஓரமோ தேடலாம். பிராண்டனை விட்டுப் போவது வலிக்கும்தான். லெஸ்டர்காரர்களுக்கும் பிளாக்பர்ட் ரோடு வலித்தது.

பழைய ரசிகர்கள் நிறையப் பேர் முதல் நிலை லீக் இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறார்கள். ஒன்பது முறை லீக் வென்ற அணி பையன்களோடு ஓட்டுவதா என்ற கௌரவப் பிரச்சினை. அவர்களிடம் நான் சொல்வது ஒரே ஒரு விஷயம். முதல் நிலை லீக்கில் ஓட்டும் வீரர்களில் பலர் போலந்திலும் ஓட்டுகிறார்கள். பணம் அங்கேதான் அதிகம். போலந்தின் பெரிய லீக் வெள்ளியும் ஞாயிறும் நடக்கிறது. அதனால் பிரிட்டனின் முதல் நிலை லீக் திங்கள், வியாழன் என்று வார நாட்களுக்கு ஒதுங்கிவிட்டது. நேராக மேலே போனால் திங்கட்கிழமை இரவுதான் நமக்கு. மறுநாள் பள்ளிக்கூடம் என்று பிள்ளைகள் வர மாட்டார்கள், வேலை முடிந்து களைத்தவர்களும் வர மாட்டார்கள். கீழ் லீக்குகளில் ஓட்டும் இளம் ரைடர்களுக்குப் போலந்துக்கு விமானம் பிடிக்கும் அவசரம் பெரும்பாலும் இல்லை. நான் பார்த்த பிராண்டன் வெள்ளிக்கிழமை இரவுக்காரர்களின் இடம். வார வேலை முடிந்த நிம்மதியோடு நேராக வந்தவர்களின் கூட்டம் அது. அந்த இரவைக் கீழ் லீக்கில் திரும்ப வாங்க முடியும். முதல் மூன்று சீசன் அங்கேயே ஓட்டட்டும். என் மகளுக்கு இப்போது ஏழு வயது. வெள்ளிக்கிழமை என்றால் அவளைக் கூட்டிப்போக முடியும்.